இடைகழியில் ஓர் இடம்

உத்ஸவம் சேவிக்க எங்கெங்கிருந்தோ எழுந்தருளி, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களுக்கு அடியேனுடைய விஞ்ஞாபனம் ஒன்று உண்டு. த்வஜாரோஹணம் முதல் தீர்த்தவாரி வரையில் இத்திருவீதிகள் ஜனசமுத்திரமாய் விளங்குகின்றன. ஆயினும் இப்பெருங்கூட்டத்தின் நடுவே யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, பேசாமலே சேவித்து, பேசாமலே ஊர் திரும்புகிறவர்கள் பலர் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஸந்நிதியில் நின்று கைங்கரியம் செய்துவரும் அடியேன் அம்முகங்களைக் கண்டிருக்கிறேன். கூட்டத்தில் இருப்பது வேறு. கூட இருப்பது வேறு. அந்த வேற்றுமையைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எழக்கூடிய ஆக்ஷேபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எம்பெருமான் அந்தர்யாமியாய் நெஞ்சினுள்ளே எழுந்தருளியிருக்க, ஒருவன் தன்னைத் தனியன் என்று எண்ணி வருந்தலாமோ? அவ்வருத்தம் விசுவாசக் குறைவன்றோ? அப்படியே வருத்தம் இருந்தாலும், முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து அமர்வதால் அது எங்ஙனம் தீரும்?" இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. பாடசாலையில் பயின்ற காலத்தில் அடியேனும் இவ்வாறே வாதிட்டதுண்டு.

இதற்கு விடை காணுமுன், ஏகாந்தம், தனிமை என்னும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஏகாந்தம் என்பது ஒருவன் தானே நாடிச் செல்வது. ஜபத்துக்கும் தியானத்துக்கும் அது வேண்டியதே. அதைவிட்டு வெளியே வர நினைத்தால் கதவு திறந்தே இருக்கும். தனிமை என்பது நாடாமலே வந்து கவிவது. அதில் கதவு வெளிப்புறமாகத் தாழிடப்பட்டிருக்கும். ஏகாந்தத்தில் அமர்ந்தவனுக்குத் தன்னை நினைக்கின்றவர்கள் உண்டு என்னும் தைரியம் இருக்கிறது. தனிமையில் வீழ்ந்தவனுக்கு அந்தத் தைரியந்தான் இல்லை. ஆகவே ஒன்றைப் புகழ்ந்து சாஸ்திரங்கள் கூறியவற்றை மற்றொன்றுக்கு எடுத்துக்காட்டித் துன்புறுவோரை வாயடைக்கச் செய்வது முறையாகாது.

வேதாந்தமும் தனிமையின் துன்பத்தைச் சிறிதென்று கருதவில்லை. ப்ருஹதாரண்யகோபநிஷத்தின் முதல் அத்தியாயம் ஸ்ருஷ்டியைக் கூறுமிடத்தில், ஆதியில் தானொருவனாய் நின்றவன் முதலில் அஞ்சினான் என்றும், பின்னர் மகிழ்ச்சியின்றி இரண்டாவதொன்றை விரும்பினான் என்றும் சொல்கிறது. இன்றும் தனித்திருப்பவன் மகிழாதிருப்பதற்கு அதையே காரணமாகவும் காட்டுகிறது. உலகம் தோன்றியதற்கே இப்படியொரு காரணம் சொல்லப்படுமாயின், மகனும் மகளும் தொலைதூரம் சென்றுவிட, விளக்கேற்றிவிட்டு வாசற்படியில் அமர்ந்திருக்கும் ஒரு வயோதிகரின் பெருமூச்சை எப்படிக் குறை கூறுவது?

இக்காலத்து அறிஞர்களும் இதனை நோய்களுக்கு நிகராக எண்ணத் தொடங்கிவிட்டனர். பிரிட்டன் 2018-ஆம் ஆண்டிலும் ஜப்பான் 2021-ஆம் ஆண்டிலும் இதன்பொருட்டு அமைச்சர் ஒருவரையே நியமித்தன. உலக சுகாதார நிறுவனம் 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டொன்றுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் கூறுகிறது. முதியோர் மட்டுமல்லர், இளம்பிராயத்தினரும் இதில் மிகுதியாக அகப்பட்டிருக்கின்றனராம். கைக்குள்ளே உலகையே காட்டும் கருவி இருந்தும், பக்கத்தில் இருப்பவரின் முகம் காணாத காலமாகிவிட்டது.

இனி, நம் ஸம்பிரதாயத்தின் தலைவாசலுக்கே செல்வோம். அது ஓர் இடைகழி.

முதலாழ்வார்கள் மூவரின் சரித்திரத்தை அறியாதார் இங்கு இரார். காஞ்சித் திருவெஃகாவில் அவதரித்தவர் பொய்கையாழ்வார், கடல்மல்லையில் பூதத்தாழ்வார், மயிலையில் பேயாழ்வார். ஐப்பசித் திங்களில் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்த நாட்களில் தோன்றியவர்களாயினும், ஒருவரையொருவர் அறியாமலே திரிந்தவர்கள். ஒருநாள் இரவு பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் பெருமழை பிடித்துக்கொண்டது. கண் தெரியாத இருள். மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒருவர் ஒதுங்கிப் படுத்தார். இரண்டாமவர் வந்து இடம் கேட்க, படுத்தவர் எழுந்தமர்ந்து இடம் தந்தார். மூன்றாமவர் வர, அமர்ந்திருந்த இருவரும் எழுந்து நின்று அவருக்கும் இடமளித்தனர். படுக்க ஒருவருக்கும், அமர இருவருக்கும், நிற்க மூவருக்குமே போதுமான இடம் அது.

இச்சரித்திரத்தில் அடியேன் நெஞ்சை மிகவும் தொடுவது, இடம் அளிக்கப்பட்ட முறையே. வந்தவர் இன்னார் என்று விசாரித்தறிந்த பின்னர் இடம் தந்ததாகப் பெரியோர் சொல்லவில்லை. குலம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, இருளில் முகங்கூடத் தெரியவில்லை. நனைந்து நிற்பவன் ஒருவன் என்பது மட்டுமே தெரிந்தது, அதுவே போதுமானதாயிற்று. மேலும், முதலில் வந்தவர் தம்முடைய படுக்கையை விட்டுக்கொடுத்தார். இருவர் பின்னர்த் தம்முடைய ஆசனத்தை விட்டுக்கொடுத்தனர். பிறருக்கு இடமளிப்பது என்பது தன் சௌகரியத்தில் சிறிது குறைத்துக்கொள்வதுதான். அதற்கு மேல் பெரிய தியாகம் எதுவும் வேண்டுவதில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே அற்புதம். மூவர் நின்ற அந்த இடத்தில் நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். அவரே ஓங்கி உலகளந்த பெருமான். ஈரடிக்கு மூவுலகும் போதாதென்று நின்றவன். அவன் தனக்கென்று இடம் தேடியது மூவர் நெருங்கி நின்ற ஓர் இடைவெளியில்! அம்மூவரும் தனித்தனியே திவ்யதேசங்களில் திரிந்து அவனை நினைத்து உருகிய காலத்திலும் அவன் அவர்களுக்கு அந்தர்யாமிதான். ஆனால் அவனுடைய நெருக்கத்தை உடம்பே உணரும்படி அவன் காட்டியது, அறியாதவர் மூவர் ஒருவருக்கொருவர் இடம் தந்து நின்ற பிறகே. அவ்விரவில் பிறந்தவையே மூன்று திருவந்தாதிகளும். நாலாயிரத்தின் விடியல் அந்த நெருக்கத்தில் உண்டாயிற்று.

இதிலிருந்து அடியேன் தேறிய கருத்து ஒன்று. நம் ஆசார்யர்கள் எம்பெருமானுடைய கிருபையை நிர்ஹேதுக கிருபை என்பர். நம்மிடம் ஒரு காரணமும் பாராமல் தானே பெருகுவது அது. மனிதரின் அன்புக்கோ பெரும்பாலும் ஹேது உண்டு. பெற்ற பாசம் உண்டு. உண்ட நன்றி உண்டு. நாளை உதவுவான் என்னும் எதிர்பார்ப்பும் உண்டு. இவற்றைக் குறைவாகச் சொல்லவில்லை. உறவினரின் கடமையை வழிப்போக்கர் ஏற்க முடியாது. பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு, ஊரார் பார்த்துக்கொள்வர் என்றிருப்பது பாவமேயாகும். ஆயினும், நம்மை அறியாத ஒருவர், நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லாத ஒருவர், நம் பக்கத்தில் சற்று நகர்ந்து இடமளிக்கும்போது, அதற்கு ஹேது எதைச் சொல்வது? மனிதரால் செய்யக்கூடியவற்றுள் நிர்ஹேதுக கிருபையின் சாயல் மிகத் தெளிவாகப் படிவது இச்சிறு செயலில்தான் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. அதனாலேதான் அது சிறிதாயிருந்தும் நெடுங்காலம் மறவாமல் நிற்கிறது.

மறவாமல் நிற்பதற்கு அடியேன் வாழ்விலேயே ஒரு சாட்சி உண்டு. 1979-ஆம் ஆண்டு, ஒன்பதாம் பிராயத்தில் அடியேனைப் பாடசாலையில் சேர்த்துவிட்டு, மாமா மாலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார். அதுவரை தாயாரை விட்டு ஓர் இரவும் பிரிந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் அமரகோசத்தை உருவேற்றிக் கொண்டிருக்க, அடியேன் யாரும் அறியாமல் புஷ்கரிணிப் படிக்கட்டில் சென்று அமர்ந்து அழுதுகொண்டிருந்தேன். வண்டிமாடுகளைக் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு போன ஒருவர் அடியேனைப் பார்த்தார். மாடுகளை அரசமரத்தில் கட்டிவிட்டு வந்து, இரண்டு படிகள் தள்ளி அமர்ந்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். கோயிலில் விளக்கேற்றி மணியடித்ததும் எழுந்து, "சின்னசாமி, படி பாசியா இருக்கு. பார்த்து ஏறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் இன்றுவரை தெரியாது. பாடசாலையில் பயின்ற காவியங்களில் எத்தனையோ சுலோகங்கள் மறந்துபோயின. இவ்வொரு வாக்கியம் மறக்கவில்லை.

இத்தகைய அனுக்கிரகத்தைப் பெற்றவன் அதைப் பிறருக்கும் அளித்திருக்க வேண்டுமன்றோ? இங்கேதான் அடியேன் ஓர் அபசாரத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவர் நாள்தோறும் மாலையில் சேவிக்க வருவார். கூட்டம் கலைந்தபின் கடைசியில் நிற்பார். தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்ட பின்னும் உடனே நகராமல், "சுவாமி, இன்று பெருமாளுக்கு என்ன சாத்துப்படி?" என்று கேட்பார். பெருமாள் எதிரிலேயே ஸேவை ஸாதிக்கிறார். விளக்கும் பிரகாசமாக எரிகிறது. சாத்துப்படியைக் கண்ணாரக் கண்டுகொண்டே இக்கேள்வி எதற்கு என்று அடியேனுக்குச் சலிப்பு உண்டாகும். நடைசாத்தும் அவசரத்தில், "சேவித்தீர்களே, தெரியவில்லையா?" என்று ஒருநாள் கடிந்தும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார், கேள்வி கேட்கவில்லை. சில நாட்கள் சென்று வருவதே நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து வாசலில் துளசி விற்கும் அம்மாளிடம் விசாரித்தேன். அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு அடியேன் தலைகுனிந்தேன். மனைவியார் காலமான பின் அவர் பெரிய வீட்டில் ஒருவராகவே இருந்திருக்கிறார். "ஒரு நாளைக்கு ரெண்டு பேரோட பேசுறேன் அம்மா. காலையில உங்ககிட்ட, சாயங்காலம் பட்டர்கிட்ட" என்று சொல்வாராம். இப்போது வீடு பூட்டியிருப்பதாகவும், பிள்ளை வந்து எங்கோ அழைத்துப் போய்விட்டதாகவும் சொன்னாள். அவர் கேட்டது சாத்துப்படியைப் பற்றியன்று. தம் குரலைத் தாமே ஒருமுறை கேட்பதற்காகவே என்பது அப்போதுதான் விளங்கிற்று. நாள்தோறும் அவர் கையில் தீர்த்தம் ஸாதித்தேன். முகம் பார்த்து ஒரு வார்த்தை ஸாதிக்கவில்லை. இக்குறைக்குப் பிராயச்சித்தம் எந்த ஸம்ஹிதையிலும் அடியேன் படித்ததில்லை.

அதன்பின் எம்பெருமானார் சரித்திரத்தில் ஒரு கட்டத்தைப் படித்தபோது புதிதாக ஒன்று புலப்பட்டது. இளம்பிராயத்தில் ஸ்ரீராமாநுஜர், தம் ஆசிரியராயிருந்த யாதவப்பிரகாசரோடு கங்கை யாத்திரை சென்றார். வழியில் தமக்குத் தீங்கு சூழ்ந்திருப்பதைக் கோவிந்தர் வாயிலாக அறிந்து, விந்தியக் காட்டில் தனியே பிரிந்துவிட்டார். வழி தெரியாத காடு, அந்திப்பொழுது, துணையாவார் ஒருவருமில்லை. அவ்வேளையில் ஒரு வேடனும் வேட்டுவிச்சியும் எதிர்ப்பட்டு அவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டனர். இரவில் வேட்டுவிச்சிக்குத் தாகமெடுத்தது. பொழுது விடிந்ததும் இளையாழ்வார் அருகிலிருந்த கிணற்றில் இறங்கிக் கைகளால் நீர் முகந்து வந்து மும்முறை அளித்தார். மீண்டும் முகந்து வந்தபோது அவர்களைக் காணவில்லை. அது காஞ்சியின் புறத்தேயுள்ள சாலைக்கிணறு என்பதும், துணையாய் வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்பதும் பின்னரே தெளிவாயின. அக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் கொணர்வதே அவருடைய முதற் கைங்கரியமாயிற்று.

வழித்துணையாக வந்தவர்கள் வழியைக் காட்டியதோடு நிற்கவில்லை, தண்ணீர் கேட்டார்கள். மேகங்களுக்கெல்லாம் நீர் அளிப்பவனுக்குத் தாகமா? இல்லை. திகைத்து நின்ற ஓர் இளைஞருக்கு, தம்மாலும் ஒருவருக்கு ஆகவேண்டியது உண்டு என்று காட்டும் பொருட்டே கேட்டார்கள் என்று அடியேன் கொள்கிறேன். தனிமையின் ஆழ்ந்த வேதனை, தனக்குக் கொடுப்பார் இல்லை என்பதன்று. தன்னிடம் கேட்பார் இல்லை என்பதே. அந்தப் பெரியவரிடம் அடியேன் அன்று, "சற்று இருங்கள், இந்தத் துளசியை ஆய்ந்து தாருங்கள்" என்று கேட்டிருந்தால், அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! இப்போதெல்லாம் மாலையில் தனியே வந்து தயங்கி நிற்கிறவர்களிடம் அங்ஙனமே கேட்டு வருகிறேன். மறுத்தவர் மிகச் சிலரே. துளசி ஆய்ந்துகொண்டே சிலர் பேசுகிறார்கள். சிலர் பேசாமலே இருக்கிறார்கள். இரண்டும் நன்றே.

ஆரம்பத்தில் எழுந்த ஆக்ஷேபத்துக்கு இனி விடை கூறலாம். எம்பெருமான் துணையிருக்க மனிதத்துணை எதற்கு என்று கேட்டோமானால், அவனே மனிதத்துணையின் வாயிலாக வருகிறான் என்பதே விடை. கோதை நாச்சியார் தாம் ஒருவராகவே கண்ணனிடம் சென்றிருக்கலாம். ஆயினும் திருப்பாவை முப்பதில் பத்துப் பாசுரங்களைத் தோழியர் வீட்டு வாசலில் நின்று துயிலெழுப்புவதற்கே அளித்தார். மதுரைக்கு அருகிலுள்ள திருமோகூர்க் காளமேகப் பெருமாளை நம்மாழ்வார் சரணம் புகுந்தது, பரமபதத்துக்குச் செல்லும் இறுதி வழிக்குத் துணை வேண்டியே. அதனால் அப்பெருமானை வழித்துணைப் பெருமாள் என்றே போற்றுகிறோம். ஞானத்தில் தலைசிறந்தவரே துணை வேண்டினார் என்றால், துணை வேண்டுவது குறையாகுமா? பரமபதத்தில் நித்யஸூரிகள் சூழ வீற்றிருந்தும், இங்கே ஸம்ஸாரத்தில் கிடக்கும் நம்மைப் பிரிந்திருப்பதால், தேசாந்தரம் சென்ற மகனை நினைக்கும் தந்தையைப் போல் அவன் நெஞ்சு நம் பக்கமே கிடக்கிறது என்று பூர்வாசார்யர்கள் சொல்வர். தனிமையின் வருத்தத்தை அவனும் அறிந்தவன். ஆகையால் அவ்வருத்தத்தை விசுவாசக் குறைவு என்று சொல்வதை விட்டுவிடுவோம்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், சிறிது நேரமே போதும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரயிலிலும் பேருந்திலும் செல்வோரிடம் நடத்திய சோதனை ஒன்று 2014-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பக்கத்திலிருக்கும் அறியாதவரோடு பேசிக்கொண்டு செல்லும்படி சிலரிடமும், பேசாமல் தனித்துச் செல்லும்படி சிலரிடமும் கூறினார்களாம். பேசாமலிருப்பதே இனிமை என்றுதான் மக்கள் முன்கூட்டி எண்ணினர்; ஆனால் பேசிச் சென்றவர்களுக்கே பயணம் அதிக இனிமையாய் அமைந்தது. அவர் விரும்பமாட்டார் என்று நாமும், நாம் விரும்பமாட்டோம் என்று அவரும் எண்ணிக்கொண்டு, இருவரும் வாய்மூடியிருப்பதே உலக வழக்கமாய்விட்டது போலும்.

இதில் சில மரியாதைகளும் உண்டு. துணையாக இருப்பது வேறு. துருவிக் கேட்பது வேறு. பிள்ளைகள் எத்தனை, ஏன் தனியாக வந்தீர்கள், வருமானம் என்ன என்றெல்லாம் விசாரிப்பது புண்ணைக் கிளறுவதாகும். தனித்திருக்க விரும்புகிறவரை விட்டுவிட வேண்டும். இன்சொல் பேசி ஏமாற்றுவாரும் உலகில் உண்டு. ஆகவே உடைமையில் எச்சரிக்கை தவறன்று. எச்சரிக்கை கையில் இருக்கட்டும்; முகத்தில் வேண்டாம்.

இவ்வுத்ஸவத்திலேயே இதைப் பழகிக்கொள்ளலாம். புறப்பாட்டின்போது ஸ்ரீபாதம் தாங்குவோரைக் கவனியுங்கள். பெருமாள் எழுந்தருளும் அந்த வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஒருவர் தோள் தளர்ந்தால் அவர் வாய்திறந்து கேட்க வேண்டுவதில்லை, பக்கத்தில் வருபவர் தண்டின்கீழ்த் தம் தோளைக் கொடுத்துவிடுவார், நடை நிற்பதில்லை. தேர்வடத்தைப் பிடித்த கைகளுள் எது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. ததீயாராதனப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்த ஊர் என்று தெரியாமலே, அவருக்குச் சாற்றமுது வரவில்லை என்று நாம் குரல் கொடுக்கிறோம். இவ்வழக்கத்தைத் தீர்த்தவாரியோடு முடித்துவிடாமல் ஊருக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே அடியேனுடைய பிரார்த்தனை. பேருந்தில், மருத்துவமனை வராந்தாவில், பூட்டிய வீடுகள் நிறைந்த தெருவில், எங்கும் இடைகழிகள் இருக்கின்றன. எங்கும் மழையில் நனைந்து ஒருவர் வந்துகொண்டேயிருக்கிறார்.

படுத்திருந்தால் எழுந்து அமர்வோம். அமர்ந்திருந்தால் எழுந்து நிற்போம். மூவர் நின்றால் நான்காமவன் தானே வருவான்.

இம்மலரைப் படித்து முடித்த கையோடு, அருகில் தனியே அமர்ந்திருப்பவர் யாரேனும் உண்டா என்று சற்றுத் திரும்பிப் பாருங்கள். பேச வார்த்தை அகப்படாவிட்டால், "இன்று பெருமாளுக்கு என்ன சாத்துப்படி?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும், பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று அடியேன் சொல்லாமல் விட்ட விடையை அவர் வாயால் பெருமாள் சொல்லக் கேட்டதாக அடியேன் எண்ணிக்கொள்வேன்.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.